நாலு வருசக் கணக்கு

எங்க வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது ஒன்றும் புதுசு இல்லை. கம்மவான்பேட்டை பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். பெரும்பாலான வீடுகளில் ஒருத்தராவது ராணுவத்தில் இருந்திருப்பார். எங்க ஊர் அந்த அளவுக்கு இல்லை என்றாலும், தெருவுக்கு இரண்டு வீட்டில் தகரப் பெட்டி இருக்கும். மேலே வெள்ளைப் பெயிண்டில் பெயரும் நம்பரும் எழுதிய கறுப்புப் பெட்டி. இப்போது அதில் நெல் விதையோ, பழைய பாவாடை தாவணியோ கிடக்கும். பெட்டிக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பென்ஷன் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பையன் பட்டாளத்துக்குப் போறேன் என்றால் ஊரில் யாரும் காரணம் கேட்பதில்லை. "எப்ப செலக்சன்?" என்று மட்டும் கேட்பார்கள். எங்க பங்காளி வீட்டுப் பொண்ணு, பிளஸ் டூ முடித்தவள், "நான் மிலிட்டரி போலீஸ் ஆகப் போறேன் பெரியப்பா" என்றபோதுதான் ஊர் முழுக்கக் காரணம் கேட்டது. அவளைச் சுற்றி நடந்ததைத்தான் இந்த முறை எழுதுகிறேன். மழை, மல்லாட்டை எல்லாம் அடுத்த பதிவில்.

முதலில் அந்தப் பேரே யாருக்கும் பிடிபடவில்லை. "போலீஸா, மிலிட்டரியா? ஒண்ணு சொல்லு" என்றது அவ பாட்டி. டீக்கடையில் ஒருத்தர், கேம்ப் வாசலில் நின்று வண்டிக்குக் கை காட்டுகிற வேலை என்றார். இன்னொருத்தர், துப்பாக்கி வைத்த டிராபிக் போலீஸ் என்றார். ஒரு வாத்தியார் மட்டும், ஊர்க்காரர்களையும் பிடித்து உள்ளே போடலாம் என்று பயமுறுத்திவிட்டுப் போனார்.

இதையெல்லாம் தீர்த்து வைக்க ஊரில் ஒரே ஆள் எங்க மிலிட்டரி மாமா. அந்தப் பிரிவிலேயே இருபது வருசத்துக்கு மேல் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ராணுவத்துக்குள் ஒழுங்கைக் காப்பாற்றுகிற பிரிவு அது. ஆங்கிலப் பெயரைச் சுருக்கி சி.எம்.பி. என்பார்கள். சிவப்புத் தொப்பி, வெள்ளை பெல்ட், கையில் எம்.பி. என்று எழுதிய கறுப்புப் பட்டை. பொதுமக்கள் மேல் அவர்களுக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. அவர்கள் கேள்வி கேட்பதெல்லாம் ராணுவத்துக்காரர்களைத்தான். லீவு பாஸ் இருக்கிறதா, சீருடை சரியாக இருக்கிறதா, ராணுவ வண்டி வேகமாகப் போகிறதா என்று பார்ப்பார்கள். கேம்ப்புக்குள் திருட்டு, அடிதடி, விபத்து நடந்தால் விசாரிப்பதும் அவர்கள் வேலை.

"அது அமைதிக்காலத்து வேல மாப்ள. சண்டை வந்தா வேல வேற" என்றார் மாமா. படை நகரும்போது நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே ரோட்டில் வரும். பீரங்கி, ரேஷன், டீசல், ஆம்புலன்ஸ் எல்லாம் கலந்து வரும். எந்த வண்டி முதலில் பாலம் ஏறணும், எது ஓரம் கட்டணும், ராத்திரியில் விளக்கில்லாமல் எந்தப் பாதையில் திரும்பணும் என்று முன்னாலேயே போய் அடையாளம் வைத்து, அந்த இடத்திலேயே நிற்பவர்கள் மிலிட்டரி போலீஸ். பிடிபட்ட எதிரி வீரர்களைப் பொறுப்பில் எடுத்துப் பின்னால் அனுப்புவதும் அவர்கள்தான். "கை காட்டற வேலன்னு சொன்னானே, அவன அந்த ரோட்டுல ஒரு ராத்திரி நிக்கச் சொல்லு" என்று டீக்கடைப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

எனக்கு இது உடனே புரிந்தது. ஏரிப் பாசனம் இருந்த காலத்தில் எங்க ஊரில் நீர்கட்டி என்று ஒருத்தர் உண்டு. மதகைத் திறப்பது, மூடுவது, யார் வயலுக்கு எத்தனை நாழி தண்ணி என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவரும் இந்த ஊர்க்காரர்தான். மாமன் மச்சான் எல்லாம் அதே வாய்க்காலில் பாய்ச்சுகிறவர்கள்தான். முறை முடிந்தால் தன் தம்பி வயல் மடையையும் அவர்தான் அடைக்கணும். அதற்காக வீட்டில் சாப்பாடு நின்ற நாளும் உண்டு. ஆனால் அப்படி ஒரு ஆள் இல்லாத வருசம், கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேர்ந்ததில்லை. வெளியாளை அடக்குவது சுலபம். கூட நிற்கிறவனை நிறுத்துவதுதான் கஷ்டம்.

மாமாவுக்கும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. பதான்கோட்டில் இருந்தபோது ஒரு நாள் லீவு பாஸ் இல்லாமல் பஜாரில் சுற்றிய ஒருத்தனைப் பிடித்தார். பார்த்தால் நம்ம ஜில்லாக்காரன். தமிழில் பேசினான். இரண்டு வருசமாக மாமாவுக்குத் தமிழ் பேச ஆள் கிடைக்கவில்லை. "அவன் பேசப் பேச எனக்கு வயிறு நெறஞ்சு போச்சு மாப்ள. டீ வாங்கிக் குடுத்தேன். குடிச்சு முடிச்சதும் ரிப்போர்ட் எழுதினேன்" என்றார். அந்தப் பொண்ணு இதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "எழுதாம விட்டிருந்தா இன்னா ஆயிருக்கும் தாத்தா?" என்றாள். "அவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. அடுத்த ஆளப் பிடிக்கும்போது என் குரல் எழும்பாது" என்றார்.

பொண்ணுங்க இந்த வேலைக்குப் போக முடிகிறதே சமீபத்தில்தான். நம்ம ராணுவத்தில் 1992-லிருந்து மருத்துவப் பிரிவு அல்லாத வேலைகளுக்கும் பெண் அதிகாரிகள் வந்தார்கள். ஆனால் சிப்பாய் நிலையில் பெண்களை எடுக்கவில்லை. 2019 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன். அப்படிச் சிப்பாயாகப் பெண்களுக்குத் திறந்த முதல் கதவு இந்த மிலிட்டரி போலீஸ் பிரிவுதான். கொஞ்சம் கொஞ்சமாக 1,700 பேர் வரை எடுப்பது திட்டம். முதல் அணியில் 83 பேர். பெங்களூரில் உள்ள சி.எம்.பி. பயிற்சி மையத்தில் 61 வாரம் பயிற்சி முடித்து 2021 மே 8-ம் தேதி வெளியே வந்தார்கள். கொரோனா நேரம் என்பதால் ஆடம்பரம் இல்லாத அணிவகுப்பு. அந்த வீடியோவைத்தான் எங்க பொண்ணு பத்தாவது படிக்கும்போது போனில் பார்த்திருக்கிறாள். அதிலிருந்து பிடித்த பிடி.

பிறகு 2022-ல் அக்னிபத் திட்டம் வந்துவிட்டது. இப்போது சேர்கிறவர்கள் அக்னிவீர். நாலு வருச வேலை. பயிற்சியும் அந்த நாலு வருசத்துக்குள்ளேயே அடக்கம். முடிந்ததும் அந்த அணியில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு வரணும். பென்ஷன் இல்லை. கிராஜுவிட்டி இல்லை. முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்தும் இல்லை. அதனால் மிலிட்டரி மாமா வீட்டுக்கு வருகிற கேன்டீன் சாமான், மருத்துவ வசதி எதுவும் கிடையாது.

வீட்டில் பிரச்சினை இங்கேதான் ஆரம்பித்தது.

அவ அப்பா, என் தம்பி முறை, ஒன்றரைக் காணிக்காரன். மானாவாரி மல்லாட்டை, கிணற்றில் தண்ணி இருந்தால் கொஞ்சம் நெல்லு, இரண்டு மாடு. மூத்த பொண்ணு கல்யாணக் கடன் இன்னும் தீரவில்லை. எங்க பக்கம் பிளஸ் டூ முடித்த பொண்ணுங்களுக்கு முன்னால் வழக்கமாக நிற்கிறது ஷூ கம்பெனி வேன். காலையில் ஏழு மணிக்கு ஏறினால் ராத்திரி ஏழு மணிக்கு இறங்கலாம். மாசம் பத்து, பன்னிரண்டாயிரம். இரண்டு மூணு வருசம் போய், நகைக்குச் சீட்டுக் கட்டி, பிறகு கல்யாணம். மூத்தவள் அப்படித்தான் போனாள்.

ஒரு ராத்திரி எங்க வீட்டுத் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முதல் வருசம் மாதச் சம்பளம் 30,000. அதில் 30 சதவீதம் நிதியாகப் பிடித்துக்கொண்டு கையில் 21,000 தருவார்கள். இரண்டாம் வருசம் 33,000-க்கு 23,100. மூணாம் வருசம் 36,500-க்கு 25,500 சொச்சம். நாலாம் வருசம் 40,000-க்கு 28,000. பிடித்த பணத்துக்குச் சமமாக அரசாங்கமும் போடும். முடியும்போது வட்டியோடு சேர்த்துச் சுமார் 11.71 லட்சம். அதற்கு வருமான வரி இல்லை. கூட்டிப் பார்த்தால் நாலு வருசத்தில் கையில் வருகிறதும் ஏறக்குறைய அதே 11.7 லட்சம்தான். வேலையில் இருக்கும்வரை 48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு, நம்ம கைக்காசு கட்டாமலே.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது அவ அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வாசற்படியில் வந்து நின்று கேட்டாள்.

"மாமா, துட்டெல்லாம் சரி. நாலு வருசமும் கல்யாணம் பண்ணக் கூடாதாமே?"

உண்மைதான். சேரும்போதும் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, அந்த நாலு வருசத்துக்குள்ளும் கூடாது. இவளுக்கு அவ அத்தை மகன் ஒருத்தன் பேச்சில் இருக்கிறான். நல்ல பையன்தான், குடி இல்லை, ஆம்பூரில் வேலை. அவங்க நாலு வருசம் காத்திருக்க மாட்டார்கள்.

"திரும்பி வரும்போது இருபத்திரண்டு, இருபத்திமூணு. நூத்துல எழுபத்தஞ்சு பேர அனுப்பிடுவாங்கன்னு நீங்களே சொல்றீங்க. அந்த எழுபத்தஞ்சுல இவ இருந்தா? பட்டாளத்துல இருந்துட்டு வந்த பொண்ண யாரு மாமா கேப்பாங்க?"

பட்டணத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி பழைய காலத்துப் பேச்சாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவள் கேட்டது சரியான விவசாயிக் கேள்வி. விதைக்கச் சொல்கிறீர்கள், விளைந்தால் எடுக்கிறவன் யார், விளையாவிட்டால் சுமக்கிறவன் யார்? அரசாங்கத் திட்டத்தைப் பற்றி டிவியில் நடந்த விவாதம் எல்லாம் பார்த்தேன். ஒரு அம்மா வாசற்படியில் நின்று கேட்ட மாதிரி அங்கே யாரும் கேட்கவில்லை.

மிலிட்டரி மாமாதான் பதில் சொன்னார். நாலு வருசத்துக்குப் பிறகு மத்திய ஆயுதப் போலீஸ் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் அக்னிவீரர்களுக்கு 10 சதவீதம் இடம், வயதுத் தளர்வும் உண்டு என்று 2022-ல் அறிவித்தார்கள் என்றார். ஆனால் அடுத்த வரியையும் அவரே சொன்னார். "இடம் ஒதுக்கறது வேற, இடம் கெடைக்கறது வேற. அதுக்கும் பரீட்ச எழுதணும், ஓடணும். நான் பொய் சொல்லி உன் பொண்ண அனுப்ப மாட்டேன்மா."

அவ அப்பா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது என்னிடம் கேட்டான். "அண்ணா, வேன்ல போனா மூணு வருசத்துல கையில இன்னா நிக்கும்?" மூத்தவள் கணக்கு எங்க இரண்டு பேருக்கும் தெரியும். சீட்டுப் பணம் போக ஒன்றும் நிற்கவில்லை. தோள்பட்டை வலிதான் நின்றது.

அவளோ யார் முடிவுக்கும் காத்திருக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தாள். மதகிலிருந்து கோடி வரைக்கும் என் வண்டி மீட்டரில் பார்த்தால் 800 மீட்டர். போய்த் திரும்பினால் 1.6 கிலோமீட்டர். தேர்வில் கேட்பதும் அதேதான். ஏழரை நிமிசத்துக்குள் முடித்தால் முதல் பிரிவு, எட்டு நிமிசத்துக்குள் என்றால் இரண்டாம் பிரிவு, தாண்டினால் வீடு. நீளம் தாண்டுதல் 10 அடி, உயரம் 3 அடி. உயரம் குறைந்தது 162 சென்டிமீட்டர் வேண்டும். இவள் 163. சுவரில் நிறுத்திக் கரிக்கோடு போட்டு மூணு தடவை அளந்தோம்.

முதல் நாள் பத்து நிமிசத்துக்கு மேல் ஆனது. மூச்சு வாங்கி மதகுக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கரையில் நாய்த் தொல்லை வேறு. அவ தம்பி சைக்கிளில் ஒரு குச்சியோடு பின்னால் போக ஆரம்பித்தான். மல்லாட்டை பிடுங்கின என் கொல்லையில் ஒரு மூலையை நன்றாகக் கிளறிப் பொலபொலவென்று ஆக்கிக் கொடுத்தேன், நீளம் தாண்ட. இரண்டு சவுக்குக் கழி நட்டு, இடையில் நைலான் கயிறு கட்டினால் உயரம் தாண்ட ஆயிற்று. ஓடிவிட்டு வந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவாள். பிறகு உட்கார்ந்து கணக்கும் பொது அறிவும். ஆறு வாரத்தில் எட்டரை. மூணு மாசத்தில் ஏழு நிமிசம் ஐம்பது விநாடி. அந்த இருபது விநாடியைக் குறைக்கத்தான் இன்றைக்கு வரைக்கும் பாடு.

விண்ணப்பம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லணும். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பயன்படலாம். ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில்தான் எல்லாமே நடக்கிறது. பத்தாவதில் மொத்தம் 45 சதவீதமும், ஒவ்வொரு பாடத்திலும் 33-ம் வேண்டும். 2023-லிருந்து முதலில் கம்ப்யூட்டர் தேர்வு. அதில் தேறினவர்களுக்குத்தான் ஓட்டமும் மருத்துவச் சோதனையும். தேர்வுக்குக் கட்டினது 250 ரூபாய். அதற்கு மேல் யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இவள் பேர் ஊரில் அடிபட்டதும் ஒருத்தர் வெள்ளைச் சட்டையோடு வந்தார். "மெடிக்கல்ல ஆள் இருக்கு, மூணு லட்சம் குடுத்தா முடிச்சிடலாம்" என்றார். பக்கத்து ஊரில் ஒரு குடும்பம் அப்படி நிலத்தை அடமானம் வைத்துக் கொடுத்துவிட்டு, இன்னும் அந்த ஆளின் போன் நம்பரை அழுத்திக்கொண்டிருக்கிறது. மிலிட்டரி மாமா அந்த வெள்ளைச் சட்டைக்காரருக்குத் தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பினார். "ஒழுங்கு பாக்கற வேலைக்கே லஞ்சம் குடுத்துப் போனா, அங்க போயி எவன நிறுத்துவ?" என்று இவளிடம் கேட்டார்.

வயது வரம்பு, நாள், சான்றிதழ் எல்லாம் அந்தந்த வருச அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும். யூடியூபில் சொன்னார்கள் என்று நம்பாதீர்கள்.

கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு வழி உண்டு. அதிகாரியாகப் போகிற வழி. பட்டப்படிப்பு முடித்து சி.டி.எஸ். தேர்வு எழுதலாம். என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் நல்ல தரத்தில் வைத்திருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கே போகலாம். ஐந்து நாள் நடக்கும். தேறினால் பயிற்சி நம்ம சென்னை பரங்கிமலையிலேயே. அதிகாரியானால் எந்தப் பிரிவு கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதை இவளிடமும் சொன்னேன். "மூணு வருசம் காலேஜுக்கு யாரு பெரியப்பா பீஸ் கட்டறது? உள்ள போயிட்டு அங்கிருந்து தபால்ல படிக்கறேன்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவ அப்பன் கடன் எவ்வளவு என்று அவளுக்கு என்னைவிடத் துல்லியமாகத் தெரியும்.

இப்போது நிலவரம் இதுதான். கம்ப்யூட்டர் தேர்வு முடிந்து அவ நம்பர் பட்டியலில் வந்துவிட்டது. இனி ஓட்டம். அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அதைச் சொல்லப் போனவன் அவ அப்பாதான். தானே தங்கச்சி வீட்டுக்கு நடந்து போய், திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினான். இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சு வார்த்தை இல்லை. ஆடிக்கு வருகிற தங்கச்சி இந்த வருசம் வரவில்லை. ஒரு பொண்ணு ஓடுகிறதற்கு ஒரு குடும்பம் கொடுக்கிற விலை இது. அறிவிப்பில் இதற்குத் தனிக் கட்டம் எதுவும் இல்லை.

அவ அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. நேற்று என் வீட்டுக்காரியிடம் வந்து, மருத்துவச் சோதனையில் ரத்தம் குறைவாக இருந்தால் அனுப்பிவிடுவார்களாமே, முருங்கைக் கீரை பறித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள். எங்க கிணற்றடி மரத்தில் பாதிக் கிளை மொட்டையாக நிற்கிறது.

என்னைக் கேட்டால், நான் அவளைப் போகச் சொல்வேன். நூற்றில் இருபத்தைந்து என்பது பயமுறுத்துகிற எண்தான். ஆனால் மானாவாரியில் மல்லாட்டை போடுகிறவனுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து அத்தனை மோசமான கணக்கு இல்லை. நாலு வருசம் கழித்துத் திரும்பி வந்தாலும், தன் பேரில் பணத்தோடு, தன் வாயால் ஒருத்தனை நிறுத்திக் கேள்வி கேட்கத் தெரிந்தவளாக வருவாள். எங்க ஊருக்கு அப்படி ஒரு பொண்ணு இதுவரை இருந்ததில்லை. அவளை யார் கேட்பார்கள் என்ற அவ அம்மாவின் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அந்த நேரம் வந்தால், யாரைக் கேட்கலாம் என்று அவளே யோசித்து வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஓட்டத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இன்று காலை 7 நிமிசம் 34 விநாடி. முடிந்ததும் எழுதுகிறேன்.